எழுத்தும் சொல்லும் பொருளும்: பட்டைக் குறியீட்டு ஆய்வில் தானியங்கு முறை

முன்னுரை

தமிழ் இலக்கணத்தைத் தொகுத்துரைத்த தொல்காப்பியம் எழுத்து, சொல், பொருள் என்னும் மூன்று அதிகாரங்களாக அமைந்திருப்பதை நாம் அனைவரும் அறிவோம். எழுத்து வடிவாக அமைந்திருக்கலாம். சொல்லும் வழுவின்றி நிற்கலாம். ஆயினும் பொருள் பிறழ்ந்துவிட்டால் அத்தொடரால் பயனில்லை. சிலவேளை கேடும் விளையும். இம்மூன்று படிகளும் மொழிக்கு மட்டுமே உரியவை அல்ல. தொழிற்கூடங்களில் சரக்கைப் பொதிந்து அனுப்பும் இடத்திலும் இவை பொருந்தி வருகின்றன.

நாம் கடையில் வாங்கும் சோப்பு, பிஸ்கட், மருந்து ஆகியவற்றின் உறைகளில் கருங்கோடுகளும் வெள்ளை இடைவெளிகளும் மாறிமாறி நிற்கும் சிறு கட்டத்தைக் காண்கிறோம். ‘பார்கோடு’ என வழங்கும் அதனைத் தமிழில் பட்டைக் குறியீடு என்கிறோம். கடைக்காரருக்கு அது விலைப்பட்டியல் போடும் வழி. தொழிற்கூடத்தாருக்கோ உறைக்குள் இருப்பது இன்னதென்று சான்று கூறும் கையொப்பம். அச்சான்று பொய்க்காமல் காக்க வேண்டுமாயின் ஒவ்வொரு லேபிளையும் ஆய்ந்து பார்த்தாக வேண்டும். அவ்வாய்வைக் கருவிகளிடம் ஒப்படைப்பது எவ்வாறு, ஒப்படைத்த பின்னும் நம்மிடம் எஞ்சி நிற்கும் பொறுப்பு யாது என்பவற்றை, மருந்துப் பெட்டிகளைப் பொதியும் தொழிலை எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கட்டுரையில் காண்போம்.

மணலில் தோன்றிய கோடுகள்

பட்டைக் குறியீட்டின் தொடக்கம் மணலில் எழுதிய எழுத்திலிருந்து வந்தது என்பது நமக்கு வியப்பளிக்கும் செய்தி. அமெரிக்காவைச் சேர்ந்த நார்மன் ஜோசப் உட்லண்ட், மயாமி கடற்கரையில் அமர்ந்து தந்திமொழியான மோர்ஸின் புள்ளிகளையும் கோடுகளையும் எண்ணியவாறு மணலில் விரல்களை ஊன்றி இழுத்தார். அகலமும் குறுக்கமுமாகக் கோடுகள் நின்றன. அவரும் அவர் நண்பர் பெர்னார்ட் சில்வரும் 1949 அக்டோபர் 20 அன்று காப்புரிமைக்கு விண்ணப்பித்தனர். 1952 அக்டோபர் 7 அன்று அது கிடைத்தது. ஆயினும் கோடுகளை மலிவாகப் படிக்கவல்ல கருவிகள் அப்போது இல்லாமையால் அக்கருத்து இருபது ஆண்டுகள் காத்திருந்தது.

ஐ.பி.எம். நிறுவனத்தின் ஜார்ஜ் லாரர் உருவாக்கிய வடிவத்தை அமெரிக்க மளிகை வணிகத்தார் 1973 ஏப்ரல் 3 அன்று தேர்ந்தெடுத்தனர். 1974 ஜூன் 26 அன்று ஒகையோ மாநிலத்தின் டிராய் நகரில் மார்ஷ் பேரங்காடியில் ஒரு சூயிங்கம் பொதி முதன்முதலாக இம்முறையில் விற்கப்பட்டது. ஐரோப்பாவில் 1977இல் இதற்கென ஓர் அமைப்பு தோன்றியது. இந்தியாவில் அதன் கிளை 1996இல் நிறுவப்பட்டு, இன்று ஜி.எஸ்.1 இந்தியா எனப்படுகிறது. நம் நாட்டு அமைப்பு வழங்கும் எண்கள் 890 என்று தொடங்கும். 890 என்பது அச்சரக்கு இந்தியாவில் செய்யப்பட்டது என்பதற்குச் சான்றன்று. எண்ணை வழங்கிய அமைப்பு இந்தியாவில் உள்ளது என்பதையே அது குறிக்கும்.

குறியீட்டின் இலக்கணம்

கடைகளில் நாம் மிகுதியாகக் காண்பது பதின்மூன்று இலக்கக் குறியீடு. அதன் அமைப்பை அறிந்துகொண்டால் ஆய்வு எளிதில் விளங்கும். மிகச் சிறிய கோட்டின் அகலத்தை ஓர் அலகு என்று கொள்வோம். இயல்பான அளவில் அது 0.33 மில்லிமீட்டர். ஒவ்வோர் இலக்கமும் இரண்டு கருங்கோடுகள், இரண்டு இடைவெளிகள் கொண்டு ஏழு அலகுகளில் அடங்கும். இடப்புறம் ஆறு இலக்கம், வலப்புறம் ஆறு இலக்கம். தொடக்கத்தில் மூன்று அலகு, நடுவில் ஐந்து அலகு, இறுதியில் மூன்று அலகு காவற்கோடுகள். ஆக மொத்தம் 95 அலகுகள்.

இலக்கம் பதின்மூன்றாயிருக்க, வரையப்பட்டவை பன்னிரண்டாக இருப்பது ஏன் என்று மாணவர் வினவக்கூடும். முதல் இலக்கத்திற்குத் தனிக்கோடு இல்லை. இடப்புற ஆறு இலக்கங்களையும் இரண்டு வகை வடிவங்களில் எழுதலாம். எவ்வெவ் இடத்தில் எவ்வகை வந்துள்ளது என்பதைக் கொண்டே முதல் இலக்கம் உணரப்படும். வேற்றுமைத் தொகையில் உருபு மறைந்து நின்று பொருள் தருவது போன்றது இது.

இக்கோடுகளின் இடப்புறம் பதினோரு அலகும் வலப்புறம் ஏழு அலகும் ஒன்றும் அச்சிடாத வெற்றிடம் இருத்தல் வேண்டும். குறியீடு எங்கே தொடங்குகிறது என்பதைக் கருவி உணர்வது இவ்வெற்றிடத்தைக் கொண்டே. பெட்டியை அழகுபடுத்த முனைவோர் ஒரு பூவையோ எழுத்தையோ அவ்விடத்தில் நுழைத்துவிட, கோடுகள் அனைத்தும் செம்மையாக இருந்தும் குறியீடு படிக்கப்படாமற் போவதுண்டு.

கண்ணால் காண்டலின் எல்லை

ஒரு பொதியல் வரிசையில் நிமிடத்திற்கு 200 மருந்துப் பெட்டிகள் செல்வதாகக் கொள்வோம். எட்டு மணி நேர வேலையில் அவை 96,000 ஆகும். ஒரு பெட்டியைப் பார்க்கக் கிடைப்பது ஒரு வினாடியில் பத்தில் மூன்று பங்கே. ஒரே நிறமும் ஒரே எழுத்தும் கொண்ட பெட்டிகள் ஓடிக்கொண்டே இருக்க, அவற்றுள் ‘5 மி.கி.’ என்றிருக்க வேண்டிய ஒன்று ‘50 மி.கி.’ என்றிருப்பதைக் கண்டுபிடிப்பது எத்துணை அரிது! ஆயிரம் முறை சரியாகவே கண்ட கண், ஆயிரத்தோராம் முறையும் சரியென்றே காணும். இது பணியாளரின் சோம்பல் அன்று, கண்ணின் இயல்பு. அச்சுப்படி திருத்துவோர் தாம் எழுதிய கட்டுரையைத் தாமே திருத்தும்போது பிழை கண்ணிற்படாமற் போவதை நாம் அறிவோம் அல்லவா? அதனினும் இது கடினம். அங்கே சொற்கள் மாறிக்கொண்டாவது இருக்கும்.

இதனை உணர்ந்தே அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 1993இல் தன் விதிகளைத் திருத்தியது. தனித்தனியே வெட்டி அடுக்கிய லேபிள்களைக் கையாளுமிடத்து, அவ்வேலைக்கென்றே வரிசையை ஒதுக்கல், மின்னணுக் கருவியால் நூற்றுக்கு நூறு ஆய்தல் ஆகியவை அவ்விதியில் இடம்பெற்றன. கையால் ஒட்டும் லேபிள்களைக் கண்ணால் ஆயலாம். ஆனால் ஒருவர் ஆய்ந்ததை மற்றொருவர் தனியே சரிபார்த்தல் வேண்டும் என்றும் அவ்விதி கூறுகிறது. ஒரு கண் போதாது என்பதைச் சட்டமே ஒப்புக்கொண்டமை ஈண்டு நோக்கத்தக்கது.

எழுத்தாய்வு

தானியங்கு ஆய்வின் முதற்படி, கோடுகள் செவ்வனே அச்சாகியுள்ளனவா என்று காண்பது. கன்வேயரின் மேல் ஒரு காமிராவும் விளக்கும் பொருத்தப்பட்டிருக்கும். பெட்டி குறித்த இடத்தை அடைந்ததும் ஓர் உணரி செய்தி அனுப்ப, விளக்கு மின்னலென ஒளிர்ந்து அணைய, காமிரா ஒரு படத்தைப் பிடிக்கும்.

இதற்குரிய கணக்கு எளியது. பெட்டிக்குப் பெட்டி 150 மில்லிமீட்டர் இடைவெளியில் நிமிடத்திற்கு 200 பெட்டிகள் செல்லுமாயின், கன்வேயரின் வேகம் வினாடிக்கு 500 மில்லிமீட்டர். படம் பிடிக்கும் காலத்தில் பெட்டி 0.1 மில்லிமீட்டருக்கு மேல் நகர்ந்தால் 0.33 மில்லிமீட்டர்க் கோடு கலங்கித் தெரியும். ஆதலின் ஒளி வினாடியில் 5,000இல் ஒரு பங்கு நேரமே விழவேண்டும். மேலும் 100 மில்லிமீட்டர் அகலத்தை 2,000 படப்புள்ளிகளாகப் பிரிக்கும் காமிராவாயின், ஒரு கோட்டிற்கு ஆறு புள்ளிகளுக்கு மேல் கிடைக்கும், அது போதுமானது.

அச்சின் தரத்தை அளக்க ஐ.எஸ்.ஓ. 15416 என்னும் உலக அளவை உண்டு. கோடுகளின் குறுக்கே பத்து இடங்களில் ஒளியைச் செலுத்தி, கருமைக்கும் வெண்மைக்கும் உள்ள வேறுபாடு, கோட்டின் ஓரத் தெளிவு, மைப்புள்ளி அல்லது அச்சுப்படாத வெள்ளைப் பொட்டு ஆகிய குறைகள், அகலத்தின் செம்மை முதலியவற்றை அது மதிப்பிடுகிறது. ஒவ்வோர் இடத்திலும் எப்பண்பு மிகக் குறைவான மதிப்பெண் பெறுகிறதோ அதுவே அவ்விடத்தின் மதிப்பெண். ஒன்றில் சிறந்ததைக் காட்டி மற்றொன்றின் குறையை மறைக்க இயலாது. பின்னரே பத்து இடங்களுக்கும் சராசரி காணப்படும். நான்கு என்பது உயர்வு, சுழியம் தோல்வி. கடைச் சரக்குகளுக்குப் பொதுவாக 1.5 குறைந்த அளவாக வேண்டப்படுகிறது.

இவ்வளவைக்கு விளக்கின் கோணமும் ஒளியின் நிறமும் வரையறுக்கப்பட்டுள்ளன. ஓடும் வரிசையில் அவற்றை முழுதும் பேணுதல் அரிது. ஆகவே ஒவ்வொரு பெட்டியையும் வரிசையிலுள்ள காமிரா பார்க்க, இடையிடையே சில பெட்டிகளை எடுத்துத் தனிக்கருவியில் வைத்து மதிப்பெண் இடுவதே நல்ல வழக்கம்.

குறைகள் எங்ஙனம் தோன்றுகின்றன என்பதையும் அறிதல் வேண்டும். வெப்பத்தால் அச்சிடும் லேபிள் இயந்திரங்களின் அச்சுத்தலையில் நுண்ணிய சூடேறும் புள்ளிகள் வரிசையாக இருக்கும். அவற்றுள் ஒன்று பழுதானால் லேபிள் நகரும் திசையில் ஒரு வெள்ளைக் கீறல் விழும். கோடுகளும் அதே திசையில் நின்றால் ஒரு கோடு முழுநீளமும் மெலிந்துவிடும், குறியீடு கெடும். கோடுகள் ஏணிப்படி போல் குறுக்கே கிடந்தாலோ கீறல் எல்லாக் கோடுகளையும் ஓரிடத்தில் மட்டும் வெட்டும். மற்ற இடங்களில் படிக்கலாம். ஒரே பழுது, கோடு நிற்கும் திசையைப் பொறுத்துக் கேடாகவோ சிறு வடுவாகவோ ஆகிறது.

நிறத்திலும் ஒரு பொறி உண்டு. ஸ்கேனர்களுள் பெரும்பாலானவை செந்நிற ஒளியைக் கொண்டவை. வெள்ளைத் தாளில் சிவப்புக் கோடு நம் கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும். செந்நிற ஒளியில் அதுவும் வெள்ளையாகவே தோன்றும்.

சொல்லாய்வு

இரண்டாம் படி, படித்த எண் முறையாக அமைந்துள்ளதா என்று காண்பது. பதின்மூன்றாம் இலக்கம் இதற்கென்றே அமைந்த சரிபார்ப்பு இலக்கம். முதல் பன்னிரண்டு இலக்கங்களை இடமிருந்து 1, 3, 1, 3 என மாறிமாறிப் பெருக்கிக் கூட்டி, அடுத்த பத்தின் மடங்கிற்கு வேண்டிய எண்ணை இறுதியில் எழுதுவர். 890123456789 என்பதற்குக் கூட்டுத்தொகை 130; ஆதலின் இறுதி இலக்கம் 0.

இங்கே 6, 7 என்பன இடம் மாறி 7, 6 எனப் படிக்கப்பட்டால் கூட்டுத்தொகை 128 ஆகி, இறுதியில் 2 வரவேண்டும் என்று கருவி சொல்லும், பிழை வெளிப்படும். ஓர் இலக்கம் மட்டும் பிறழ்ந்தால் எப்போதும் வெளிப்படும். ஆனால் 1, 6 போன்று ஐந்து வேறுபாடுடைய இரண்டு இலக்கங்கள் அடுத்தடுத்து இடம் மாறினால் கணக்கு மாறாது, பிழை தப்பிவிடும். எல்லா இலக்கண விதிக்கும் புறனடை உண்டென்பது இங்கும் மெய்யாகிறது.

ஸ்கேனர் ‘பீப்’ என்று ஒலித்துவிட்டால் எல்லாம் நன்று என்று கருதுவோர் பலர். அவ்வொலி அறிவிப்பது ஒன்றே: ‘ஓர் எண்ணைப் படித்துவிட்டேன்.’ அந்த எண் எவ்வளவு தெளிவாக இருந்தது என்பதை அது கூறாது. டேட்டா மேட்ரிக்ஸ் என்னும் சதுரக் குறியீட்டில் பிழைதிருத்தும் ஆற்றல் உள்ளமைந்துள்ளது. ஒரு பகுதி சிதைந்தாலும் கருவி கணக்கிட்டு நிரப்பிப் படித்துவிடும். அதனால் அச்சு நாளுக்கு நாள் மங்கி வருவது வெளியே தெரியாது. ஒருநாள் திடீரென்று படிக்கப்படாமல் நின்றுவிடும். ஆதலால்தான் இவ்வகைக் குறியீட்டின் அளவையில், பிழைதிருத்தும் ஆற்றலில் இன்னும் எவ்வளவு மிஞ்சியுள்ளது என்பதற்கும் மதிப்பெண் இடப்படுகிறது.

பொருளாய்வு

மூன்றாம் படியே உயிர்நிலை. அச்சு சிறந்தது, எண் வழுவற்றது, ஆனால் அது வேறொரு மருந்துக்குரிய பெட்டி. பழைய நூல்களில் பாரம் மாறிக் கட்டப்பட்டிருப்பதைக் கண்டிருக்கிறோம். பக்கத்தில் எழுத்துப்பிழை ஒன்றும் இராது. ஆனால் அது பிறிதொரு நூலின் பக்கம். வாசகருக்கு அது எரிச்சலோடு முடியும். மருந்தில் அவ்வாறன்று. சர்க்கரை நோயாளி ஒருவர் தம் மாத்திரை என்று நம்பி மற்றொன்றை விழுங்குவாரானால், அழகிய அச்சு அவரைக் காக்குமா?

இதற்கென்றே மருந்துத் துறையில் ‘பார்மாகோடு’ என்னும் எளிய குறியீடு வழக்கத்தில் உள்ளது. அது கடைக்காரருக்கு உரியதன்று. பொதியும் இயந்திரத்திற்கு மட்டுமே உரியது. இரண்டு முதல் பதினாறு வரை கோடுகள். ஒவ்வொன்றும் குறுகியது அல்லது அகன்றது. வலக்கோடியிலிருந்து 1, 2, 4, 8 என இடமதிப்பு கொண்டு, குறுகிய கோட்டிற்கு அம்மதிப்பையும் அகன்றதற்கு அதன் இருமடங்கையும் கூட்டினால் எண் கிடைக்கும். இரண்டு குறுங்கோடுகள் 3; பதினாறு அகன்ற கோடுகள் 131070. மாத்திரை அட்டை, குறிப்புத்தாள், வெளிப்பெட்டி ஆகிய ஒவ்வொன்றிலும் அதற்குரிய எண் இருக்கும். மூன்றும் அன்றைய உற்பத்தி ஆணையோடு ஒத்தால்தான் பெட்டி மூடப்படும். இதனைத் தலைகீழாகப் படித்தால் வேறொரு மதிப்பு வரக்கூடும் என்பதால் படிக்கும் திசையையும் நிலைப்படுத்தல் வேண்டும்.

இவ்விடத்தில் நேரக்கூடிய பெரும்பிழை ஒன்றைச் சுட்டியாக வேண்டும். காலையில் வேலை தொடங்குமுன் வரிசையில் கிடக்கும் முதற்பெட்டியைக் காமிராவுக்குக் காட்டி, ‘இதனைப் போன்றதே சரி’ என்று கற்பிக்கும் வழக்கம் உண்டு. அம்முதற்பெட்டியே தவறானதாயின்? கருவி சரியானவற்றையெல்லாம் தள்ளி, தவறானவற்றையெல்லாம் ஏற்கும். அடுக்கு முழுவதும் தவறானதாயின் ஒரு பெட்டியும் தள்ளப்படாமல் நாள் முழுதும் வேலை ‘சிறப்பாக’ நடந்தேறும். பிழைபட்ட ஏட்டைப் பார்த்துப் பிழையின்றிப் படியெடுத்தவர் நிலை இது. ஆதலின் ஒப்பிடும் எண் உற்பத்தி ஆணையிலிருந்து வரவேண்டுமேயன்றி, ஆயப்படும் பொருளிலிருந்தே வருதல் கூடாது. சான்றும் சான்றுக்கு உரியதும் ஒன்றாகிவிட்டால் ஆய்வு என்பதே இல்லை.

ஒவ்வொரு பெட்டியும் தனிப்பதிப்பு

முன்னாளில் ஓர் அச்சுத்தகட்டிலிருந்து இலட்சம் பெட்டிகள் அச்சாயின. முதற்படியைத் திருத்திவிட்டால் மற்றவை ஒத்திருக்கும். இன்று நிலை வேறு. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2019 பிப்ரவரி 9 முதல், மருத்துவர் சீட்டின்பேரில் தரும் மருந்துகளுள் பெரும்பாலானவற்றின் ஒவ்வொரு பெட்டியிலும் வெவ்வேறு தொடர் எண் கொண்ட சதுரக் குறியீடு இருத்தல் வேண்டும். நம் நாட்டிலும் 2022 நவம்பரில் மருந்து விதிகள் திருத்தப்பட்டு, 2023 ஆகஸ்டு 1 முதல் 300 மருந்துப் பெயர்களுக்குப் பட்டைக் குறியீடோ கியூ.ஆர். குறியீடோ கட்டாயமாயிற்று. மருந்தின் பெயர், பேட்ச் எண், செய்த நாள், காலாவதி நாள், உரிம எண் முதலியன அதில் அடங்கும்.

தொடர் எண்ணும் பேட்ச் எண்ணும் பொதியும் இடத்திலேயே அச்சாவதால், ஐரோப்பியப் பெட்டி ஒவ்வொன்றும் ஒரே படி கொண்ட தனிப்பதிப்பு ஆகிவிட்டது. முதற்படியைத் திருத்தி அமைதி கொள்ள வழியில்லை. நூற்றுக்கு நூறு ஆய்வு இங்கே தவிர்க்க இயலாதது.

தள்ளப்பட்ட பெட்டியின் கதை

கருவி தவறான பெட்டியைக் கண்டுபிடித்து, காற்றை ஊதி வரிசையிலிருந்து தள்ளிவிட்டது. ஆய்வு முடிந்ததா? தள்ளப்பட்ட பெட்டி திறந்த கூடையில் கிடக்கிறது. அவ்வழியே வந்த ஒருவர், ‘நல்ல பெட்டிதானே, ஏன் வீணாக வேண்டும்?’ என்று நல்லெண்ணத்தோடு எடுத்து மீண்டும் கன்வேயரில், காமிராவுக்கு அப்பால் வைத்துவிடுகிறார். இலட்சக்கணக்கில் செலவிட்ட கருவி ஒரு நொடியில் பயனற்றுப் போகிறது. ஆகவே தள்ளப்பட்டவை பூட்டிய பெட்டியில் விழவேண்டும். விழுந்ததை வேறோர் உணரி உறுதிசெய்ய வேண்டும். எடுத்த லேபிள், ஒட்டிய லேபிள், தள்ளிய லேபிள், எஞ்சிய லேபிள் ஆகியவற்றின் கணக்கு நாள் முடிவில் ஒத்துவர வேண்டும்.

காமிரா பழுதானாலோ கம்பி அறுந்தாலோ வரிசை தானே நிற்குமாறு அமைத்தல் வேண்டும். ‘பிழை என்று சொல்லவில்லை, ஆகவே பிழையில்லை’ என்று கொள்வது தகாது. வேலை தொடங்கும்போதும் முடியும்போதும், வேண்டுமென்றே தவறான பெட்டிகள் சிலவற்றை அனுப்பிக் கருவி அவற்றைத் தள்ளுகிறதா என்று சோதிப்பதும் இன்றியமையாதது. தேர்வு வைப்பவருக்கும் தேர்வு வேண்டும்.

இதற்கு மறுபுறமும் உண்டு. அளவுக்கு மிஞ்சிய கண்டிப்போடு அமைத்துவிட்டால் நல்ல பெட்டிகளும் தள்ளப்படும். பணியாளர் சலிப்புற்றுக் கருவியின் எல்லையைத் தளர்த்துவர்; சிலவேளை அணைத்தே விடுவர். பொய்யாகக் கூவும் காவலனை ஊரார் நம்பாமற் போவது இயல்பே. எனவே எல்லையை வகுப்போர் வரிசையில் நிற்பவரைக் கலந்தே வகுக்க வேண்டும். எப்பெட்டி மடிந்து வருகிறது, எந்நேரத்தில் மை மங்குகிறது என்பதை அவரே அறிவார்.

முடிவுரை

எழுத்தாய்வு அச்சைக் காக்கிறது. சொல்லாய்வு எண்ணைக் காக்கிறது. பொருளாய்வே மனிதரைக் காக்கிறது. முதலிரண்டையும் கருவி நம்மினும் நன்றாகச் செய்யும் என்பதில் ஐயமில்லை. நொடிக்கு மூன்று பெட்டிகளைக் களைப்பின்றி நோக்கும் ஆற்றல் நமக்கில்லை. ஆனால் எதனோடு ஒப்பிடுவது என்பதைக் கருவிக்குச் சொல்பவர் மனிதரே. அங்கே தவறினால் கருவி அத்தவறை 96,000 முறை களைப்பின்றிச் செய்து முடிக்கும்.

‘ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது’ என்பது பழமொழி. காமிரா காண்பது லேபிளை; உள்ளிருக்கும் மாத்திரையை அன்று. மாத்திரை அட்டைக்குள் சரியான மாத்திரைதான் சென்றது என்பதை அதற்கு முந்தைய படியில், நிறத்தாலும் வடிவாலும் எடையாலும் வேறு ஆய்வுகளாலும் உறுதி செய்திருக்க வேண்டும். லேபிள் ஆய்வு அச்சங்கிலியின் ஒரு கண்ணியே.

பெட்டியின் மறுமுனையில் நிற்பவர், அதன் கோடுகளைப் படிக்க அறியாதவர். கண்பார்வை மங்கிய முதியவராகவோ, குழந்தைக்கு மருந்து ஊட்டும் தாயாகவோ அவர் இருக்கலாம். உறையில் எழுதியிருப்பது உண்மை என்ற நம்பிக்கையில் அவர் கை நீட்டுகிறார். அவருக்காக, அவர் காணாத இடத்தில், அவர் அறியாத எழுத்தை மெய்ப்பு நோக்குவதே இவ்வாய்வின் பணி. மொழி பயிலும் நமக்கு அப்பணியின் அருமை எளிதில் விளங்கும்.